ஒழுகவேண்டிய கூரை

தங்கை எஸ்தருக்கு முழங்காலில் ஆபரேஷன், பாரிஸுக்கு வந்து ஒரு மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று மாப்பிள்ளை மோகன் கேட்டார். ரசம் வைப்பதும் மருந்து எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை என்று நினைத்துக் கிளம்பினேன். ரசம் வைத்தேன், மருந்தும் கொடுத்தேன். ஆனால் பாளையங்கோட்டைக்குத் திரும்பிய நாளிலிருந்து நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது அதை அல்ல. ஒரு யூதக் குடும்பத்தின் கூடாரப் பண்டிகைக்குக் கூரை போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சொன்னால் யாரும் நம்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மோகன் யாழ்ப்பாணத்துக்காரர். சென்னைக்குப் படிக்க வந்த இடத்தில் எஸ்தரைப் பார்த்து, இரண்டு வீட்டாரையும் ஒரு வருஷம் தூங்கவிடாமல் செய்து கல்யாணம் முடித்தவர். அவர் சைவ சமயத்தவர். எங்கள் வீடோ ஜெபம் பண்ணாமல் சோற்றில் கை வைக்காத வீடு. இப்போது இருவரும் பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் குடியிருக்கிறார்கள். கடை பாரிஸுக்குள், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில். கல்யாணமோ பிறந்தநாளோ, மணவறை, பந்தல், குத்துவிளக்கு எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறார்.

முதல் நாளே என்னைக் கடைக்குக் கூட்டிப் போனார். பாரிஸைப் பார்க்கலாம் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனவனை லாச்சப்பலில் வரவேற்றது பிஞ்சு முருங்கைக்காயும், கட்டுக்கட்டாக வெற்றிலையும், நகைக்கடை விளம்பரமும்தான். ஐஃபல் கோபுரம் எங்கே என்று கேட்டேன். "அது எங்கையும் போகாது மச்சான், முதல்ல ஒரு ரோல்ஸ் சாப்பிடுங்கோ" என்றார். சூடான மட்டன் ரோல்ஸும், பால் விடாத பிளேன்ரீயும். ஐஃபல் கோபுரத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அன்றைக்கு அவருக்கு வெள்ளைத் துணி வாங்கவேண்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் மிஷேல் என்பவரின் துணிக்கடையில்தான் எப்போதும் வாங்குவாராம். போய்ப் பார்த்தால் கடை பூட்டியிருந்தது. மோகன் தலையில் தட்டிக்கொண்டார். "மறந்துபோனன். அவையளுக்கு இண்டைக்குப் புதுவருஷம். மிஷேல் யூத ஆள்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எக்காளப் பண்டிகை! பைபிளின் முதல் ஐந்து புத்தகமான ஐந்தாகமத்தில் உள்ள பண்டிகைகள் அத்தனையும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். சிறுவயதில் வசனப் போட்டியில் நான் வாங்கிய சில்வர் தட்டுகளில்தான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் அப்பளம் வைக்கிறார்கள். இது முடிந்து சில நாளில் பாவநிவிர்த்தி நாள், அதற்கடுத்து, கூடாரம் போட்டு அதிலேயே சாப்பிடுகிற கூடாரப் பண்டிகை என்று பூட்டிய கடை வாசலிலேயே மோகனுக்கு வகுப்பெடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, துணி எந்தக் கிழமை கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.

கடை திறந்த அன்று மறுபடி போனோம். மிஷேல் ஐம்பது வயதைத் தாண்டியவர், துனீசியாவிலிருந்து சின்ன வயதில் வந்தவர், குரல் மட்டும் மூன்று பேருக்குப் போதும். மனைவி சிமோன் கல்லாவில் இருந்தார். மகள் லேயா சட்டம் படிக்கிறாள். வீடு கடைக்கு மேலேயே. மோகன் என்னை அறிமுகப்படுத்தி என் பெயர் மோசே என்று சொன்னதும் கடையே நின்றுவிட்டது.

"மோசேயா? தங்கை எஸ்தர், அண்ணன் மோசேயா? இரண்டும் எங்கள் வேதத்துப் பெயர்கள்!" மிஷேல் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தோள்பட்டை இறங்கிவிட்டது. ஆப்பிள் துண்டைத் தேனில் தோய்த்துக் கொடுத்தார்கள், வருஷம் இனிப்பாக இருக்கவாம். நாங்கள் வருஷப்பிறப்புக்கு வேப்பம்பூவையும் சேர்த்துக்கொள்வோம் என்று லேயாவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். "எங்கள் வருஷத்தில் கசப்பு தானாகவே வரும், தனியாகப் போடவேண்டியதில்லை" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துவிட்டது.

தோராவை, அதாவது ஐந்தாகமத்தை, நான் மனப்பாடமாக அறிவேன் என்று பெருமையடித்துக்கொண்டதை அவள் அப்பாவிடம் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கவேண்டும். அன்றே மிஷேல் என்னைப் படிக்க அழைத்துவிட்டார்.

கடை சாத்தியபின் துணிச் சுருள்களுக்கு நடுவே ஒரு மேசை. அப்பா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், நடுவில் தடித்த புத்தகங்கள். எங்கள் ஊர் வேதபாடம் என்றால் இரண்டு அதிகாரம் வாசித்து, பாட்டுப் பாடி, ஜெபம் முடித்து, காபியும் குடித்திருப்போம். இவர்கள் ஒரே ஒரு வரியை எடுத்தார்கள். கூடாரங்களில் குடியிருக்கவேண்டும் என்கிற வரி. கூடாரம் என்றால் எது? எத்தனை சுவர்? கூரை எதனால்? அப்பா மேசையில் குத்தினார். மகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சண்டையை விலக்கலாமா என்று மோகனைப் பார்த்தேன். "இல்லை மச்சான், இது சந்தோஷத்திலை கத்துறது" என்றார். தினமும் இப்படித்தானாம். ஒரு வரிக்கு ஒரு மாலை என்றால் வாழ்நாளில் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டேன். "முடிப்பதற்கா படிக்கிறோம்?" என்று லேயா திருப்பிக் கேட்டாள். என் சில்வர் தட்டுகளின் பளபளப்பு அன்று கொஞ்சம் மங்கியது.

அன்று மிஷேல் ஒரு விஷயம் சொன்னார். பாவநிவிர்த்தி நாளுக்கு முன்னால், யாரோடு மனஸ்தாபம் இருக்கிறதோ அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். கடவுளிடம் மட்டும் கேட்டால் போதாது. அவருக்கு அப்படி ஓர் ஆள் இருந்தார். சொந்த அண்ணன் ஆர்மான்.

ஆர்மான் பாரிஸுக்கு வெளியே, கார்ஜுக்குப் பக்கத்தில் சார்செலில் இருக்கிறார். தோராவில் கரைகண்டவர். ஆறேழு வருஷத்துக்கு முன் கூடாரப் பண்டிகையின் முதல் இரவு இங்கே சாப்பிட வந்திருக்கிறார். மிஷேல் முற்றத்தில் போட்டிருந்த கூடாரம் மாடிவீட்டு பால்கனிக்கு நேர் கீழே இருந்தது. வானத்துக்குக் கீழே இருக்கவேண்டும், வேறொரு கூரைக்குக் கீழே இருந்தால் அது கூடாரமே அல்ல. பாதிச் சாப்பாட்டில் அண்ணாந்து பார்த்த ஆர்மான், சிமோன் வீட்டார் எல்லாரும் இருக்க, கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பண்டிகை நாளில் ரயில் ஏறக்கூடாது. சார்செல் வரைக்கும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், நடந்தே போனாராம். "இனிமேல் வராதே" என்று மிஷேல் பின்னாலிருந்து கத்தியிருக்கிறார். அவரும் வரவில்லை.

"இந்த வருஷம் போய்க் கேட்கப்போகிறேன்" என்றார் மிஷேல். அந்தப் பெரிய குரல் அப்போது ஒரு ஆளுக்குக்கூடப் போதவில்லை.

பாவநிவிர்த்தி நாளில் கார்ஜிலிருந்து சார்செல் பக்கமாகக் காய்கறி வாங்க நடந்துபோனேன். கடைகள் பூட்டியிருந்தன. வெள்ளை உடுப்பில் குடும்பம் குடும்பமாக, சிலர் தோல் கூடாதென்று துணிச் செருப்போடு, ஜெப ஆலயத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. எங்கள் ஊர் பெரிய வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டேன். நாங்களும் உபவாசம்தான், ஆனால் மூன்று மணிநேர மும்மணித் தியானம் முடிந்தபின் கஞ்சியும் துவையலும் காத்திருக்கும்.

மறுநாள் மிஷேல் எங்களைக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அண்ணன் மன்னித்துவிட்டாராம். அழுதாராம். கூடாரப் பண்டிகையின் முதல் இரவுக்கு வருகிறேன் என்றும் சொல்லிவிட்டாராம். ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாராம்: "கூடாரம் சரியாக இல்லையென்றால் என்னால் சாப்பிட முடியாது, மிஷேல். அப்போது அது என் கோபம் இல்லை, சட்டம். மறுபடியும் நடந்து போக என்னை வைத்துவிடாதே."

"கடையில் விற்கிற மூங்கில் பாய் எனக்கு வேண்டாம். அவன் வாயைத் திறக்க இடமில்லாத கூரை வேண்டும்" என்றார் மிஷேல்.

மோகன் நெஞ்சை நிமிர்த்தினார். "என்னட்டை கிடுகு கிடக்கு."

தென்னோலையை முடைந்து காயவைத்தால் கிடுகு. நாங்கள் கீற்று என்போம். ஒரு கல்யாணத்துக்கு ஊர் வீடு மாதிரி மேடை போடுவதற்காக மோகன் கப்பலில் இறக்கியது, லா கூர்னெவ் கிடங்கில் அடுக்கிக் கிடந்தது. செல்பேசியில் படம் காட்டினார். மண்ணில் விளைந்தது, வெட்டியது, சட்டப்படி சரி என்று மிஷேல் குதித்தார். லேயா குதிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது பாய் போல இருக்கிறதே. படுக்கச் செய்த பாயைக் கூரையாகப் போடக்கூடாது. இதில் யாராவது படுப்பார்களா?" என்று கேட்டாள்.

"கிடுகிலை ஆர் படுப்பினம்? முதுகு கிழிஞ்சுபோடும்!" என்று மோகன் சிரித்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? "எங்க ஊர்ல செத்தவங்களைப் படுக்க வைப்போமே, மாப்ள. பாடைக்கு" என்றேன். மோகன் என்னைப் பார்த்த பார்வையில் நானே பாடையில் ஏறியிருக்கவேண்டும். லேயா விடவில்லை, என்ன சொன்னேன் என்று முழுவதையும் ஆங்கிலத்தில் கேட்டு அப்பாவிடம் சொன்னாள். பிறகு புத்தகம் வந்தது, மேசை குத்து வாங்கியது. கடைசியில் என்னிடம் கேட்டார்கள்: பாடைக்கு உரியது தனியாக முடைவதா? ஆமாம், அது பச்சை ஓலை, அன்றைக்கே முடைவது. இது காய்ந்தது, கூரைக்கென்றே முடைந்தது. "எதற்காகச் செய்தார்களோ அதுதான் கணக்கு" என்று லேயா தீர்ப்புச் சொன்னாள். கிடுகு தேறிவிட்டது. மிஷேல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வாயை மூடாமல் இருந்ததற்காக என்னை யாராவது கட்டிப்பிடித்தது அதுவே முதல் தடவை.

கிடுகு எடுக்கப் போன அன்று மோகனின் வேன் கிடங்கு வாசலிலேயே படுத்துவிட்டது. மெக்கானிக் மறுநாள்தான் வருவாராம். நாளைக்கு மாலை பண்டிகை. "தூக்குங்கோ மச்சான்" என்றார் மோகன். ஆளுக்கு இரண்டு கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு லா கூர்னெவில் ரயில் ஏறினோம். பெட்டிக்குள் ஓலைத்தூசி பறந்தது. ஓர் அம்மையார் தும்மிவிட்டு, "இது என்ன, துடைப்பமா?" என்று கேட்டார். "கூரை" என்றார் மோகன் பிரெஞ்சில். அம்மையார் கொஞ்சம் யோசித்து, "பாரிஸில் வீட்டு வாடகை இவ்வளவு மோசமாகிவிட்டதா?" என்றார். பெட்டி முழுக்கச் சிரித்தது. கார் து நோர் ஸ்டேஷன் தடுப்புக் கதவில் கட்டு மாட்டிக்கொண்டு, பின்னால் வந்தவர்கள் தள்ளி, நான் கூரையோடு வெளியே விழுந்தேன். எப்படியோ மொத்தத்தையும் மூன்று நடையில் முற்றத்தில் சேர்த்துவிட்டோம்.

மறுநாள் காலை பால்கனிக்கு எட்டாத மூலையில் மிஷேல் மரச் சுவர்களை நிறுத்தியிருந்தார். மோகன் ஏணி ஏறி, யாழ்ப்பாண முறைப்படி கிடுகின் மேல் கிடுகாக நெருக்கி அடுக்கினார். மத்தியானத்துக்குள் கூரை தயார். கீழே நின்று பார்த்தால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மோகன் இறங்கிக் கை தட்டித் தூசி உதறினார். "ஒரு மாதம் மழை பெய்யட்டும், ஒரு சொட்டு உள்ளை வராது."

லேயா வந்து பார்த்தாள். "அதுதான் பிரச்சினை" என்றாள். நிழல் வெயிலைவிட அதிகமாக இருக்கவேண்டும், ஆனால் இரவில் நட்சத்திரம் தெரியவேண்டும். பெருமழை பெய்தால் உள்ளே சொட்டவேண்டும். சொட்டாவிட்டால் அது வீடு, கூடாரம் அல்ல.

மோகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கேட்டியளே மச்சான்? ஒழுகிற கூரை போடட்டாம்! முப்பது வருஷமா பந்தல் போடுறன். என்ரை பந்தல் ஒழுகினது எண்டு ஒரு சனம் சொல்லட்டும்!" அவரைச் சமாதானப்படுத்த எனக்கு இரண்டு வடையும் ஒரு பிளேன்ரீயும் செலவாயிற்று. வனாந்தரத்தில் நாற்பது வருஷம் அலைந்தவர்களின் நினைவுக்காக அல்லவா போடுகிறோம், அவர்கள் என்ன நனையாமலா இருந்திருப்பார்கள் என்றேன். "அவையளுக்கு நல்ல பந்தல்காரன் கிடைக்கேல்லைப்போலை" என்று முனகிக்கொண்டே மறுபடி ஏறி, கிடுகுகளை ஒன்றுவிட்டு ஒன்று உருவினார். வானம் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் கூரை ஆட்டம் கண்டுவிட்டது.

மிஷேல் ரொட்டி வாங்கப் போயிருந்தார். சிமோனும் லேயாவும் மாடியில் சமையல். மோகன் இடுப்பில் கைவைத்து வெகுநேரம் கூரையைப் பார்த்தார். பிறகு தன் கடைக்குப் போய் வெள்ளைத் துணியோடு வந்தார்.

யாழ்ப்பாணத்தில் நல்ல காரியத்துக்குப் போடுகிற பந்தலின் உள்கூரையில் வெள்ளை கட்டுவார்கள். வெள்ளை கட்டாத பந்தல் அரைப் பந்தல். "தமையன் வாறார். இவ்வளவு நாளுக்குப் பிறகு வாறார். மொட்டைப் பந்தலுக்கை இருத்தலாமே?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நட்சத்திரம் தெரியவேண்டுமே, நடுவில் ஒரு முழம் விட்டுக் கட்டுங்கள் என்று மட்டும் பிடிவாதம் பிடித்தேன். அப்படியே மேசைக்கு நேர் மேலே இடைவெளி விட்டு இரண்டு பக்கமும் கட்டினார். துணி கட்டிய கயிற்றாலேயே, ஆடிக்கொண்டிருந்த கிடுகையும் சேர்த்து இறுக்கினார். முற்றமே கல்யாண வீடாகிவிட்டது.

ஏணியிலிருந்து அவர் இறங்கும்போது தெருக்கதவு திறந்தது. கறுப்புக் கோட்டு, நரைத்த தாடி, ஒரு கையில் சின்னப் பெட்டி, மறு கையில் பஞ்சு சுற்றிய நார்த்தங்காய் மாதிரி ஒரு பழம். பண்டிகைக்கு உரியதாம் அது. நாமாக இருந்தால் ஊறுகாய் போட்டிருப்போம். யாரும் சொல்லாமலே தெரிந்தது, இவர்தான் ஆர்மான். அவர் பின்னாலேயே ரொட்டியும் கையுமாக மிஷேல்.

இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். மிஷேலின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆர்மான் வாசற்படியைத் தாண்டவில்லை.

"துணி! கூரைக்குக் கீழே துணி! கழற்று!" என்று மிஷேல் ஓடி வந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். கிடுகு சரசரத்து ஒரு பக்கம் சாய்ந்தது. "ஐயோ, விடுங்கோ! அதை அவிழ்த்தால் கூரையும் கையோடை வரும்!" என்று மோகன் கத்தினார். பிரித்துக் கட்ட நேரமில்லை. சூரியன் எதிர்வீட்டுப் புகைபோக்கிக்குப் பின்னால் போய்விட்டது. அது மறைந்தால் பண்டிகை தொடங்கிவிடும், பிறகு யாரும் ஒரு முடிச்சுக்கூடப் போடக்கூடாது.

சத்தம் கேட்டு லேயா மாடியிலிருந்து ஓடிவந்தாள். என்ன தப்பு என்று கேட்டேன். மூச்சுவாங்கச் சொன்னாள்: கூரையிலிருந்து உதிர்வது விழாமல் தடுக்கத் துணி கட்டினால், துணியே கூரையாகிவிடும், கூடாரம் செல்லாது. வெறும் அழகுக்குக் கட்டினால் அது கூரையோடு சேர்ந்துவிடும், செல்லும்.

ஆர்மான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்றபடியே கேட்டார். "கட்டியது யார்?"

"நான்" என்றார் மோகன்.

"எதற்காகக் கட்டினாய்?"

முப்பது வருஷ வியாபாரி. கேட்டவுடன் வாயில் வருவதுதானே வரும்? பிரெஞ்சில் கடகடவென்று சொன்னார். லேயா கண்ணை மூடிக்கொண்டாள். "தூசியும் ஓலைத்துண்டும் சாப்பாட்டில் விழாது என்கிறார்" என்று எனக்குச் சொன்னாள்.

ஆர்மான் குனிந்தார். கீழே வைத்த பெட்டியை மறுபடி எடுத்தார். மிஷேல் ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஐம்பது வயது தாண்டிய ஆள், அழுகையை அடக்குவது எல்லாருக்கும் தெரிந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாப்ள! அது வாடகைக்கு எடுக்க வாறவன்கிட்டச் சொல்லுத பேச்சு! இன்னைக்கு எதுக்குக் கட்டினீங்க? என்கிட்டச் சொன்னதை அவர்கிட்டச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

மோகன் திகைத்தார். பிறகு ஆர்மானின் முன்னால் போய் நின்றார். இந்தத் தடவை மெதுவாகப் பேசினார். லேயா ஒவ்வொரு வாக்கியமாக எனக்குச் சொன்னாள். எங்கள் ஊரில் மதிப்புள்ள ஆள் வந்து இருக்கிற பந்தலுக்கு வெள்ளை கட்டுவோம். அது அழகுக்கும் மரியாதைக்கும். இது உங்களுக்காகக் கட்டியது. தம்பி வீட்டுக்கு வருகிற அண்ணனுக்காக.

"அப்படியானால் தூசி என்று ஏன் சொன்னாய்?"

"மரியாதைக்குக் காசு கொடுக்க யாரும் வருவதில்லை, ஐயா. தூசிக்குக் கொடுப்பார்கள். சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது."

ஆர்மான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பதிலில் எதை நம்புவது? அப்போது லேயா முன்னால் வந்து விரலை மேலே நீட்டினாள். சட்டக் கல்லூரிப் பெண் அல்லவா! "பெரியப்பா, மேசைக்கு நேர் மேலே பாருங்கள். தூசிக்குக் கட்டுகிறவன் சாப்பாட்டுக்கு மேலேயே இடைவெளி விடுவானா?"

எல்லாரும் அண்ணாந்தோம். நான் பிடிவாதம் பிடித்து விடச் சொன்ன அந்த ஒரு முழம் வானம்! அந்த நிமிஷம் எனக்கு வந்த பெருமை அத்தனை சில்வர் தட்டும் சேர்ந்து கொடுக்காதது.

ஆர்மானின் தாடிக்குள் ஏதோ அசைந்தது. சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. பெட்டியையும் பழத்தையும் வைத்தார், கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார், உள்ளே வந்து ஏணியில் ஏறினார். அலங்காரத் துணி கூரையிலிருந்து நாலு கைப்பிடிக்கு மேல் இறங்கக்கூடாதாம். முஷ்டியின் மேல் முஷ்டியாக வைத்து அளந்தார். ஓரங்களில் சரி. இரண்டு பக்கத் துணியும் தத்தம் நடுவில் மட்டும் தொய்ந்து ஐந்து பிடி இறங்கியிருந்தன.

"ஊக்கு!" என்று மோகன் துள்ளினார். மணவறைக்குத் துணி பிடிக்கிற ஊக்குகள் அவர் சட்டைப்பையிலேயே இருந்தன. ஒரு பக்கம் மோகன் நாற்காலியில் ஏறி ஊக்குப் போட்டார். மறுபக்கம் ஆர்மான். அவர் ஏணி ஆடியது. மிஷேல் ரொட்டியை என்னிடம் தள்ளிவிட்டு அண்ணனின் காலோடு சேர்த்து ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "பிடி, இன்னும் இறுக்கிப் பிடி, உன் பக்கம் ஆடுகிறது" என்று அண்ணன் மேலிருந்து அதட்ட, "எனக்குத் தெரியும், நீ உன் துணியைப் பார்" என்று தம்பி கீழிருந்து அதட்ட, அந்த முற்றத்தில் ஆறேழு வருஷச் சண்டை ஊக்கு ஊக்காகக் குத்தி முடிந்தது. கடைசி ஊக்கு ஏறவும் மாடியில் சிமோன் பண்டிகை மெழுகுவர்த்தி ஏற்றவும் சரியாக இருந்தது. நானும் மோகனும் கை தட்டினோம். பக்கத்து மாடிக்காரர்கள் என்ன விசேஷம் என்று தெரியாமலே அவர்களும் தட்டினார்கள்.

எங்களையும் உட்காரச் சொன்னார்கள். கைத்தடியோடு எஸ்தரும் வந்து சேர்ந்திருந்தாள். மிஷேல் பாட்டாக ஜெபம் சொல்லித் திராட்சரசம் பருகி, ரொட்டியைப் பிட்டு முதல் துண்டை அண்ணனிடம் நீட்டினார். ஆர்மான் கூரையைப் பார்த்தார். ஒரு தடவை, நிதானமாக. ரொட்டியை வாயில் போட்டு மென்றார். சிமோன் முந்தானை இல்லாத குறைக்குக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எஸ்தர் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள், அவளுக்குக் காரணம் வேண்டியதில்லை.

பிறகு சாப்பாடு வந்தது. கீரையைக் கறுக்கக் கறுக்க வதக்கி, பயறும் இறைச்சியும் போட்டுக் காய்ச்சிய துனீசியக் குழம்பு. பக்கத்தில் மிளகாய் விழுது. நம் ஊர் நாக்கு என்று நான் அலட்சியமாக எடுத்துப் போட்டதில் காது அடைத்துவிட்டது. படம் எடுக்கச் செல்பேசியை எடுத்தேன். பண்டிகையில் கூடாது என்று எஸ்தர் காலால் ஒரு உதை விட்டாள், ஆபரேஷன் செய்யாத காலால்.

பாதிச் சாப்பாட்டில் மழை பிடித்துக்கொண்டது. பாரிஸ் தூறல் அல்ல, நல்ல மழை. மோகனின் கூரை சட்டப்படி ஒழுகியது. மேசைக்கு நேர் மேலே விட்ட ஒரு முழத்தின் வழியே குழம்புக்குள்ளேயே சொட்டியது. எல்லாரும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தோம். மழை சாப்பாட்டைக் கெடுத்தால் வீட்டுக்குள் போய்விடலாம் என்பது சட்டமாம். போகலாம் என்றபின்னும் உட்கார்ந்திருப்பவனுக்குப் புண்ணியம் இல்லை, அவனை மடையன் என்றே சொல்லியிருக்கிறார்கள் என்று லேயா ரொட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்.

ஆர்மான் மட்டும் எழுந்திருக்கவில்லை. தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எழுந்திரு, உள்ளே போவோம்" என்றார் மிஷேல். "சட்டமே போகச் சொல்கிறது. உனக்குத் தெரியாததா?"

"தெரியும்" என்றார் ஆர்மான். "அன்றைக்குச் சட்டம் தெரிந்தவனாக எழுந்து போனேன். இன்றைக்கு மடையனாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் குழம்பை இந்தப் பக்கம் தள்ளு."